மாகாளியும் நன்னாரியும்: ஓசூர் எல்லைப்புறத்தில் ஓர் அரிய படர்புதரின் பெயரும் அடையாளமும்

ஆய்வுச் சுருக்கம்

தீவகற்ப இந்தியாவின் வறண்ட மலைக்காடுகளுக்கே உரிய படர்புதர் மாகாளி. தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மூன்று மொழிகளும் ஒருங்கே வழங்கும் ஓசூர் – கிருஷ்ணகிரி எல்லைப்புறத்தில் இதன் பெயர்கள் நன்னாரியின் பெயர்களோடும் வேறு மரங்களின் பெயர்களோடும் கலந்து கிடக்கின்றன. இக்கலப்பு மணத்தை முதன்மையாகக் கொண்ட பெயரிடு முறையால் விளைந்தது என்பதையும், இவ்விரு தாவரங்களையும் பிரித்தறியும் அடையாளம் வேரின் குறுக்குவெட்டில் உள்ளது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. மாகாளிக்கான தமிழ் விளக்கம் ஒன்றும் தரப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மாகாளி, நன்னாரி, தாவரப்பெயர், எல்லைப்புற வழக்கு, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு

முன்னுரை

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக் காட்டும் 99 பூக்களுக்கும் இன்றைய தாவரவியற் பெயர் காணும் முயற்சி தமிழாய்வில் நெடுங்காலமாகத் தொடர்ந்து வருகிறது. அம்முயற்சிகளுள் சில, செடியைக் காணாமலே ஒரு பட்டியலிலுள்ள பெயரை மற்றொரு பட்டியலிலுள்ள பெயரோடு பொருத்துவதில் நின்றுவிடுகின்றன. பழம்பெயர்களைப் பொறுத்தவரை இதனால் நேரும் பிழை ஓர் உரைக்குறிப்பின் பிழையாக முடிந்துவிடும். வாழும் செடியொன்றின் பெயரில் அதே பிழை நேருமாயின், அச்செடி இருப்பதும் இல்லாமற் போவதும் பதிவேட்டில் தெரியாமலே போகும். மாகாளியின் நிலை அத்தகையது.

மாகாளிக்கிழங்கு என்றவுடன் தமிழ் வீடுகள் சிலவற்றில் நினைவுக்கு வருவது ஊறுகாய். அக்கிழங்கைத் தரும் செடியை நேரிற் கண்டவர் மிகக் குறைவு. இராபர்ட் வைட், ஜார்ஜ் வாக்கர் ஆர்னாட் ஆகிய இருவரும் 1834இல் இதற்கு டெகாலெபிஸ் ஹாமில்டோனி எனப் பெயரிட்டு அறிவியலுலகிற்கு அறிமுகப்படுத்தினர். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இன்று இது அழிவாபத்திலுள்ள இனமாக இடம்பெற்றுள்ளது. அறிவியற் பெயரில் ஐயமில்லை. மக்கள் வழங்கும் பெயர்களே ஐயத்திற்கு இடம் தருகின்றன.

ஆய்வுக் களம்

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் மைசூர்ப் பீடபூமியின் தென்கிழக்கு விளிம்பில் அமைந்துள்ளது ஓசூர். இங்கிருந்து தெற்கே தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக நிலம் சரிந்து காவிரிக்கு இறங்குகிறது. அச்சரிவுகளில் அமைந்த மேலகிரி மலைக்காடுகளின் ஒரு பகுதி 2014இல் காவிரி வடக்கு வனவுயிர்ச் சரணாலயமாகவும், மற்றொரு பகுதி 2022இல் காவிரி தெற்கு வனவுயிர்ச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டன. எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயமும் பன்னேர்கட்டா காடும் இவற்றின் தொடர்ச்சியாகவே உள்ளன. காடு ஒன்று, ஆட்சி இரண்டு, மொழி மூன்று என்பது இவ்வட்டாரத்தின் இயல்பு.

1970களுக்குப் பின் சிப்காட் தொழிற்பேட்டைகளால் ஓசூரின் முகம் மாறியது. பேட்டைகள் மேட்டுச் சமவெளியில் அமைந்தமையால் மலைச்சரிவுக் காடுகளை அவை நேரடியாகத் தொடவில்லை. எனினும் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலை காட்டு விளைபொருளுக்கும் பெருநகரச் சந்தைக்கும் இடையிலிருந்த தொலைவைச் சுருக்கிவிட்டது. மாகாளி விரும்பி வளரும் இடம் பாறைச்சரிவும் பாறை இடுக்குமாகும். கருங்கல்லுக்குப் பெயர்பெற்ற கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பாறையும் விலைபொருளே என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

மூன்று மொழிப் பெயர்கள்

தமிழில் மாகாளி, மாகாளிக்கிழங்கு, பெருநன்னாரி, மாவிலிங்கக்கிழங்கு என்னும் பெயர்கள் இச்செடிக்கு வழங்குகின்றன. கன்னடத்தில் மாகளி பேரு என்பர். தமிழில் வகரத்தில் தொடங்கும் சொற்கள் பல கன்னடத்தில் பகரத்தில் தொடங்கும். வில் அங்கே பில்லு ஆவதுபோல் வேர் பேரு ஆகிறது. தமிழ்ச் செவிக்கு இது ‘பெயர்’ என்பதன் பேச்சுவடிவமாக ஒலிப்பதும், எல்லைப்புறச் சந்தையில் அவ்வாறே பிறழ உணரப்படுவதற்கு வாய்ப்பிருப்பதும் கருதத்தக்கன. தெலுங்கில் மாரேடு கட்டலு, மாரேடு கொம்முலு, நன்னாரி கொம்முலு, பர்ரெ சுகந்தி ஆகிய பெயர்கள் உள்ளன.

இப்பெயர்களுள் சில வேறு தாவரங்களுக்கும் உரியவை. தெலுங்கில் மாரேடு என்பது வில்வ மரம். தமிழில் மாவிலங்கம் என்பது முக்கூட்டிலைகளையுடைய ஒரு மரம். அதன் பட்டை சித்த மருத்துவத்தில் பயன்படுகிறது. இவ்விரு மரங்களுக்கும் மாகாளிக்கும் இனத்தொடர்பு எதுவுமில்லை. ‘மாரேட்டு வேர்’ என ஒருவர் எழுதிவைத்தால், அது வில்வ வேரா மாகாளி வேரா என்பதைச் சொல்லைக்கொண்டு மட்டும் தீர்மானிக்க இயலாது. வில்வ வேர் தசமூலத்தில் ஒன்றாக இருப்பதால் இம்மயக்கம் வெறும் கற்பனையும் அன்று.

மாகாளி என்னும் பெயரைக் காளியோடு இணைத்து விளக்கும் போக்கு உண்டு. கன்னட வடிவத்தில் இரண்டாம் அசை குறிலாக நிற்பதை நோக்கின், தெய்வப்பெயர் தொடர்பு பின்னர் ஏற்றப்பட்ட மக்கள் சொற்பிறப்பாக இருத்தல் கூடும். எல்லைப்புற மொழிகளுள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சென்ற சொல், சென்ற இடத்தில் பழகிய சொல்லின் வடிவை ஏற்பது இயல்பே.

பெயரமைப்பில் கருத்தைக் கவர்வது பர்ரெ சுகந்தி. பர்ரெ என்பது எருமை. சுகந்தி என்பது நன்னாரியைக் குறிக்கும் சுகந்திபாலா என்பதன் சுருக்கம். ‘எருமை நன்னாரி’ என்பதே பொருள். அறிந்த செடியொன்றைப் போன்றே இருந்து, அளவிலோ தன்மையிலோ வேறுபடும் செடியை முன்னொட்டால் பிரித்துக் காட்டுவது திராவிட மொழிகளின் பொதுமரபு. தமிழில் பேய்ப்புடல், பேய்ச்சுரை, காட்டுச்சீரகம் என வருவன அம்மரபினவே. பெருநன்னாரி என்பதும் அவ்வழிப்பட்டது. நன்னாரியோடு இதற்கு உறவு உண்டு, எனினும் இது வேறு என்னும் இரண்டு செய்திகளையும் இப்பெயர்கள் ஒருசேரச் சொல்கின்றன. வணிகம் முன்னொட்டை உதிர்த்துவிடும்போது இரண்டாம் செய்தி மறைகிறது.

மணத்தால் வந்த மயக்கம்

நன்னாரியின் அறிவியற் பெயர் ஹெமிடெஸ்மஸ் இண்டிகஸ். 1753இல் லின்னேயஸ் இதனைப் பெரிப்ளோகா இண்டிகா எனக் குறித்தார். பின்னர் இராபர்ட் பிரவுன் இதனைத் தனிப் பேரினமாக்கினார். மாகாளியும் நன்னாரியும் எருக்கங் குடும்பமாக முன்பு கருதப்பட்டு, இன்று அரளிக் குடும்பத்தினுள் அடக்கப்பட்ட ஒரே துணைக்குடும்பத்தைச் சேர்ந்தவை. எருக்கில் மகரந்தம் திரள்திரளாகக் கட்டுண்டிருக்கும். இவ்விரண்டிலும் அது கரண்டி போன்ற சிற்றுறுப்பின்மேல் படிந்திருக்கும்.

இரண்டின் வேர்மணத்திற்கும் முதன்மைக் காரணம் ஒரே வேதிப்பொருள். 2-ஹைட்ராக்ஸி-4-மெத்தாக்ஸிபென்சால்டிஹைடு எனப்படும் அது, வனிலாவின் மணப்பொருளாகிய வனிலினோடு ஒரே மூலக்கூறு வாய்பாடு கொண்டு, அணுக்களின் அமைப்பில் மட்டும் வேறுபடுவது. நறுநெட்டி என்னும் நன்னாரியின் மறுபெயரிலும் சுகந்தி என்னும் பெயரிலும் மணமே முன்னிற்கிறது. மணத்தைப் பெயராக்கிய வழக்கு, அம்மணமுடைய மற்றொரு வேரையும் அப்பெயருக்குள் இழுத்துக்கொள்வது தவிர்க்க இயலாதது. அடையாளத்திற்கு மக்கள் முதலில் நம்பும் பண்பே இங்கு இரண்டையும் பிரிக்க உதவாத பண்பாக அமைந்துள்ளது.

மருத்துவ நூல்வழக்கு இம்மயக்கத்தைக் குறைக்கவில்லை. ஆயுர்வேதத்தில் சாரிவா என்னும் பெயர் வெண்சாரிவா, கருஞ்சாரிவா என இருவகைப்படும். வெண்மை நன்னாரிக்கும், கருமை வேறு சில கொடிகளுக்கும் உரியதாகக் கொள்ளப்படுகிறது. தென்னிந்தியச் சந்தைகளில் சாரிவாவின் இடத்தில் மாகாளி வேரும் விற்கப்படுவதே ஆர். சி. நாயரும் உடனாய்வாளர்களும் 1978இல் இரண்டு வேர்களையும் ஒப்பிட்டு ஆராயப் பின்னணியாயிற்று. ஆங்கிலேயர் காலத்தில் நன்னாரிக்கு ‘இந்தியச் சர்சப்பரில்லா’ எனப் பெயரிட்டதும் இத்தகைய பதிலிப் பெயரீடே. உண்மையான சர்சப்பரில்லா அமெரிக்க நாடுகளில் வளரும் வேறொரு கொடி. அயல்நாட்டு வேருக்குப் பதிலியாக நன்னாரி நின்றது. நன்னாரிக்குப் பதிலியாக மாகாளி நிற்கிறது.

பூவும் வேரும்

டெகாலெபிஸ் என்னும் கிரேக்கச் சொற்றொடருக்குப் பத்துச் செதில் என்பது பொருள். மக்கட் பெயர்களோ வேரின் மணத்தையும் வடிவையும் பற்றி எழுந்தவை. தாவரவியலாளர் பூவை நோக்கி இனத்தைத் துணிகிறார். காட்டிற் கிழங்கெடுப்பவர் கொடியையும் இலையையும் நோக்கி இடத்தைத் துணிகிறார். வாங்குபவரிடம் வந்துசேர்வது வேர் மட்டுமே. வனச் சோதனைச்சாவடியில் மூட்டையைப் பிரிப்பவருக்குப் பூவோ இலையோ காயோ காணக் கிடைப்பதில்லை. பூவை முதன்மையாகக் கொண்டு எழுதப்பட்ட விளக்கம் அவருக்கு உதவாது என்பது வெளிப்படை.

வேரைக்கொண்டு இரண்டையும் பிரித்தறியும் வழி சமையற்கட்டில் இருக்கிறது. மாகாளிக்கிழங்கை ஊறுகாய் போடுவோர், மண்போகக் கழுவி ஊறவைத்து, மேல்தோலைச் சீவி, நெடுக்காகப் பிளந்து, நடுவிலுள்ள கட்டையான நரம்பை உருவி எறிந்துவிட்டு, எஞ்சிய சதையை நறுக்கித் தயிரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ உப்பு, மிளகாய், கடுகோடு இடுவர். நரம்பு மெல்லியது, சதை பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல். நன்னாரி வேரில் இவ்விகிதம் தலைகீழானது. பட்டை மெல்லியது, உள்ளே இருப்பது பெரும்பாலும் கட்டை. நன்னாரியை யாரும் ஊறுகாய் போடாததற்குக் காரணம் இதுவே. அதனை இடித்து, ஊறவைத்துச் சாற்றைத்தான் கொள்ள முடியும். சர்பத்துக்கு இரண்டும் பொருந்தும். ஊறுகாய்க்கு மாகாளி ஒன்றே பொருந்தும். எனவே மயக்கம் சர்பத்துப் பானையில்தான் நிகழ்கிறது. இராயலசீமைப் பகுதியில் நன்னாரி சர்பத்து என விற்பது பெரும்பாலும் மாகாளியிலிருந்து வடித்ததே. திருப்பதியைச் சேர்ந்த எஸ். வேதவதி 2004இல் எழுதிய கட்டுரையில் மாகாளியை நாட்டுப்புற நலப்பானம் ஒன்றின் அழிந்துவரும் மூலம் எனச் சுட்டியுள்ளார்.

இங்குப் பெயர்களின் ஈற்றுச்சொல்லும் கவனத்திற்குரியது. தமிழர் கிழங்கு என்றதைக் கன்னடர் வேர் என்றனர். தாவரவியல் நோக்கில் இது பருத்த வேரே. கன்னட வழக்கு செம்மையானது. உண்ணத்தக்க சதைப்பற்றுள்ள நிலத்தடி உறுப்பையெல்லாம் கிழங்கு என்பது தமிழ் வழக்கு. அது பயன்பாட்டு நோக்கில் செம்மையானது. தெலுங்கர் கட்ட என்றும் கொம்மு என்றும் இருவகையாகக் கூறினர். கொம்மு என்பது மஞ்சளின் விரலிக்கும் வழங்கும் சொல். கொத்தாக, விரல்விரலாக நிலத்தடியில் கிடக்கும் வடிவம் அச்சொல்லில் பதிவாகியுள்ளது. நன்னாரி வேரைத் தமிழில் யாரும் கிழங்கு என்பதில்லை. ஆகவே ‘மாகாளிக் கிழங்கு’, ‘நன்னாரி வேர்’ என ஈற்றுச்சொல்லோடு எழுதுவதே ஓர் அடையாளக் குறிப்பாக அமையும். பட்டியலிடுவோர் ஈற்றுச்சொல்லைச் சுருக்கம் கருதி நீக்கும்போது அக்குறிப்பும் நீங்குகிறது.

மாகாளி: தமிழ் விளக்கம்

தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரமுடையதைப் புல் என்றும் அகத்தே வயிரமுடையதை மரம் என்றும் வகுக்கிறது. தண்டை அறுத்து உள்ளே நோக்கினாலன்றி இப்பகுப்பைத் தெளிய இயலாது. பின்வரும் விளக்கம் வேருக்கும் அந்நோக்கையே கொண்டு அமைகிறது. நிற்கும் நிலையில் மாகாளியைச் செடி, கொடி என்னும் இருபாற் பகுப்பில் எளிதில் அடக்க இயலாது. அடித்தண்டு கட்டைபட்டுப் புதராகவும், கிளைகள் நீண்டு பிற மரங்களிலும் பாறைகளிலும் படர்வனவாகவும் இருத்தலின் படர்புதர் என்னும் சொல் இங்கு ஆளப்படுகிறது.

படர்புதர். மயிரற்றது. எப்பகுதியை ஒடித்தாலும் வெண்பால் வடியும். தண்டில் கணுக்கள் புடைத்துத் தோன்றும். இலைகள் கணுவிற்கு இரண்டாக எதிரெதிரே அமைந்தவை. ஏறத்தாழ 4 முதல் 6 செ.மீ. நீளமுடையவை, வட்டம் முதல் தலைகீழ் முட்டை வடிவம் வரை வேறுபடுபவை, நுனி மழுங்கி, சிறு முனையுடன் முடிபவை. பூக்கள் சிறியவை, இலைக்கோணத்தில் மும்மூன்றாகக் கவைத்துப் பிரியும் கொத்துகளில் தோன்றுபவை, வெளிர்மஞ்சள் சாயலின, இதழின் உட்புறம் வெண்மயிர் செறிந்தது. காய்கள் இரட்டையாகத் தோன்றுபவை. ஏறத்தாழ 5 முதல் 7 செ.மீ. நீளமுடையவை, தடித்தவை, முற்றிக் காய்ந்தால் கட்டைபோல் இறுகுபவை. விதைகள் பல, எருக்கம் விதைபோல் பட்டுக் குஞ்சமுடையவை, காற்றிற் பரவுபவை. வேர்கள் கொத்தானவை, உருளை வடிவின, விரற்பருமனும் அதற்கு மேலும் பருப்பவை, சதைப்பற்றுள்ளவை, குறுக்கே வெட்டினால் வெண்மையான பெருஞ்சதையும் நடுவில் மெல்லிய நரம்பும் தெரியும். மணம் நன்னாரியைப் போன்றது. மென்றால் நாவில் முதலில் கூச்சமும் பின்னர் இனிமையும் தோன்றும்.

ஒப்புநோக்க, நன்னாரி மெல்லிய சுற்றுக்கொடி. அதன் இலை ஒரே கொடியில் ஊசிபோல் குறுகியும் முட்டைபோல் அகன்றும் காணப்படும். பெரும்பாலும் நடுநரம்பை ஒட்டி வெண்கோடு ஓடும். பூவின் உட்புறம் கருஞ்சிவப்பு. காய்கள் மெலிந்து நீண்டு, இரண்டும் எதிர்த்திசையில் விலகி நிற்கும். வேர் மெல்லியது; துருநிறமுடையது; மேற்பட்டையில் குறுக்குவெடிப்புகள் உண்டு; வளைத்தால் பட்டை கட்டையிலிருந்து கழலும். வேர் மட்டுமே கையிலிருப்பினும், பருமன், குறுக்குவெட்டு, பட்டையின் வெடிப்பு ஆகிய மூன்றையும் கொண்டு ஒருவர் தயக்கமின்றித் துணியலாம்.

அகழ்வும் பதிவும்

மேலகிரிக் காடுகளில் இருளரும், எல்லைக்கு அப்பால் மாதேசுவரன் மலை, பிலிகிரிரங்கன் மலைப் பகுதிகளில் சோலிகரும் காட்டு விளைபொருள்களை நெடுங்காலமாக அறிந்து பயன்கொண்டு வருபவர்கள். இலையோ காயோ பறிப்பதால் செடி சாவதில்லை. வேரை அகழ்வது வேறு. கொத்தில் சிலவற்றை விட்டு மண்ணை மூடினால் செடி மீளக்கூடும். முழுக் கொத்தையும் பெயர்த்தால் மீளாது. விலை எடைக்குத் தரப்படும் வரை இரண்டாவது முறைக்கே தூண்டுதல் மிகுதி. விதைவழிப் பெருக்கமும் எளிதன்று. ஆதலால் மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் பி. கிரிதர், ஜி. ஏ. ரவிசங்கர் முதலியோர் திசு வளர்ப்பு வழியே இதனைப் பெருக்கும் முறைகளை ஆராய்ந்தனர். சேமிப்புத் தானியத்தைப் பூச்சியிலிருந்து காக்கும் ஆற்றல் இவ்வேருக்கு உண்டு என்பதும் அந்நிலையத்தில் ஆராயப்பட்டுள்ளது. வேரின் பயன் ஒவ்வொன்று வெளிப்படும்போதும் தேவை கூடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நன்னாரி சமவெளி வேலியோரங்களிலும் புதர்க்காடுகளிலும் பரவலாக வளர்வது. மாகாளி நன்னாரியின் பெயரில் கணக்கிடப்பட்டால், பரவலான செடியொன்றின் விளைச்சலாகவே அது தோன்றும். அரிய செடியின் குறைவு கணக்கில் வராது. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்கீழ் உள்ளாட்சிகள்தோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்கள் அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்பட வேண்டும். அப்பதிவேட்டில் உள்ளூர்ப் பெயருக்கு இடமுண்டு. ஓர் ஊருக்கு ஒரு மொழி என்னும் எண்ணத்தில் அவ்விடம் நிரப்பப்பட்டால், மும்மொழி வட்டாரத்தில் அது பாதிப் பதிவாகவே அமையும்.

அறிவியற் பெயரிடலிலும் உள்ளூர் அறிவு நிலைபெற்ற சான்றுண்டு. அகத்தியமலையில் காணிக்காரர் அமிர்தபாலா என அறிந்திருந்த செடியை ஜே. ஜோசப், வி. சந்திரசேகரன் ஆகியோர் 1978இல் புதிய பேரினமாக விளக்கினர். தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பெயரால் பேரினத்திற்கு ஜானகியா என்றும், அரசிலை போன்ற இலையைக் குறித்துச் சிற்றினத்திற்கு அரயால்பத்ரா என்றும் பெயரிட்டனர். அரயால் என்பது அரசமரத்தின் மலையாளப் பெயர். அச்செடி பின்னர் மாகாளியின் பேரினமாகிய டெகாலெபிஸிலேயே சேர்க்கப்பட்டது. பேரினப் பெயர் மாறியபோதும் அரயால்பத்ரா என்னும் சொல் நிலைத்தது. ஆனைமலைக்குரிய டெகாலெபிஸ் சாலிசிபோலியாவும் இப்பேரினத்து மற்றோர் அரிய இனம்.

2012 சனவரி முதல் புதிய தாவர இனத்தின் விளக்கம் இலத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் மட்டுமே பன்னாட்டு விதிகளின்படி செல்லும். தமிழில் எழுதும் விளக்கத்திற்கு அத்தகைய சட்டமதிப்பு இல்லை. அதன் பயன் வேறு. வனக்காவலரும் ஊராட்சிப் பணியாளரும் வேர்வணிகரும் பதிவேடெழுதும் ஆசிரியரும் படிக்கக்கூடியது அதுவே. கலைச்சொல்லாக்கத்தில் இதுவரை பூவின் உறுப்புகளுக்கு அளிக்கப்பட்ட கவனம் வேரின் உறுப்புகளுக்கு அளிக்கப்படவில்லை. மேலே தந்த விளக்கத்தில் ‘நரம்பு’ என ஆண்ட சொல் ஊறுகாய் போடுவோர் வழக்கு. பாடநூல் வழக்கில் நரம்பு இலைக்குரியது. இம்முரண்பாட்டை நீக்கப் புதுச்சொல் படைப்பதைவிட, வேருக்கு வருமிடத்து ‘நடுநரம்பு’ என்றும் ‘நடுக்கட்டை’ என்றும் இணைத்து எழுதுதல் போதுமானது.

ஓசூர் வட்டாரப் பதிவேடுகளில் இச்செடிக்கான பதிவு பின்வருமாறு அமையலாம்: மாகாளிக்கிழங்கு, பெருநன்னாரி (தமிழ்), மாகளி பேரு (கன்னடம்), பர்ரெ சுகந்தி, மாரேடு கட்டலு (தெலுங்கு), வில்வமும் மாவிலங்கமும் அன்று, வேர் சதை மிக்கது, நடுநரம்பு மெல்லியது, நன்னாரி தனிப் பதிவில் காண்க.